கொடுக்கப் போகுமுன் கேட்கப் போவோம்

நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத்தான் கொடுப்பவரின் முகம் நன்றாகத் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2009இல் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அன்பாகத் தந்தவர்களும் இருந்தார்கள். தங்களிடம் மிஞ்சியதைத் தள்ளிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். இன்று நாமே இன்னொரு பின்தங்கிய கிராமத்திற்குத் தொண்டு செய்யப் புறப்படும்போது அந்த அனுபவமே நமக்கு நல்ல ஆசான்.

நம் நாட்டில் சிரமதானம் என்ற சொல்லைப் பரவலாக்கியது சர்வோதய இயக்கம். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களுடன் கனத்தொலுவ என்னும் கிராமத்திற்குச் சென்றார். அது சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட ரொடிய மக்களின் ஊர். சென்றவர்கள் அம்மக்களோடு தங்கினார்கள், உண்டார்கள், உழைத்தார்கள். சிரமம் என்றால் உழைப்பு, தானம் என்றால் கொடை. அவர்கள் கொண்டுபோன பெரிய கொடை மூட்டையில் இருக்கவில்லை, தோளில் இருந்தது.

முதலில் கேட்பது

சேகரிக்கத் தொடங்குமுன் இரண்டு பேர் அந்த ஊருக்குப் போய், ஊரவரோடு இருந்து பேசட்டும். பெண்களிடம் தனியாகவும் கேட்கட்டும். நாம் உடுப்பு வேண்டும் என்று நினைத்திருப்போம். அவர்களோ தூர்ந்த வாய்க்காலைக் காட்டுவார்கள். 2004 கடற்கோளின்பின் குளிர்நாட்டு உடுப்புகள்கூட நம் கரைகளுக்கு வந்து குவிந்தன. கேளாமல் கொடுத்ததன் விளைவு அது.

காலத்தையும் கேட்க வேண்டும். காலபோகத்திற்கு ஐப்பசியில் விதைப்பவனுக்கு மார்கழியில் கிடைக்கும் விதைநெல் வெறும் சோறுதான். அதை விவசாயிகளாகிய உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிடியரிசியின் பலம்

“எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?” என்று சிலர் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். உலை வைக்கும்போது நாளுக்கு ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இடுங்கள். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். 25 குடும்பங்கள் 30 நாள் இட்டால் 30 கிலோ சேரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் 30 தொண்டர்கள் இரண்டு நாள் உண்ண 24 கிலோ போதும். போகிற ஊரின் பானையில் நாம் கை வைக்கத் தேவையில்லை. மிகுதி ஆறு கிலோவும் அங்கே பொதுச் சமையலுக்கு உதவும்.

மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, வாளி, கயிறு ஆகியவற்றை இரவலாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரை எழுதுங்கள். திரும்பி வராத மண்வெட்டி அடுத்த சிரமதானத்தைக் கெடுத்துவிடும்.

பணத்தைக் கடைசியாகச் சேருங்கள். உழவு இயந்திரத்திற்கு டீசல், மருந்து போன்ற வாங்கியே ஆகவேண்டியவற்றிற்கு மட்டும் சேருங்கள். ஒருவர் பணம் வாங்க, இன்னொருவர் எழுதட்டும். பத்து ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வேண்டும். திரும்பி வந்த கிழமையே சங்கக் கூட்டத்தில் கணக்கை வாசியுங்கள். கொடுத்தவர் ஏழையாக இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் துப்புரவாக இருக்க வேண்டும்.

அவர்களுடைய பங்கு

போகிற ஊரும் தன் பங்கைத் தரட்டும். விறகு, தேங்காய், படுக்க ஒரு திண்ணை, வேலைக்கு வீட்டுக்கு ஓராள் என்று அவர்களால் இயன்றது எதுவோ அதை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நாமே கொண்டுபோய் இறக்கினால் வாய்க்கால் நம்முடையதாகிவிடும். அடுத்த மழையில் அது தூர்ந்தால் அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேர்ந்து வெட்டிய வாய்க்காலை அவர்களே காப்பார்கள்.

கையேந்தி நின்ற நாட்களில் நம்மிடம் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேள்வியையே அந்த ஊருக்கு நம் முதற் கொடையாகக் கொண்டுபோவோம்.