உங்களுக்குத் தெரியுமா? பட்டன் போனுக்குள் ஒரு வழக்கு

வில்லியனூர் கடைத்தெருவில் வாங்கிய பட்டன் போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துப் பாருங்கள். அடியில் இரண்டு சிம் செருகும் இடங்கள் தெரியும். அந்த இரண்டாவது இடத்துக்காக பெரிய காப்புரிமைச் சண்டை ஒன்று நடந்திருக்கிறது. தொடுத்தவர் நம் பக்கத்து மதுரைக்காரர்!

ஒரே போனில் பல சிம் போடும் முறைக்கு அவர் 2002-ல் விண்ணப்பித்தார். 2008-ல் காப்புரிமை கிடைத்தது. அதைக் காட்டிப் புகார் கொடுத்ததும், வெளிநாட்டிலிருந்து வந்த இரட்டை சிம் போன்களைச் சுங்கத்துறை நிறுத்தியது. சாம்சங் போன்ற பெரிய கம்பெனிகளே தனி ஒருவரோடு மல்லுக்கு நின்றன. 2012-ல் சென்னையில் இருந்த மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்துவிட்டது.

இரட்டை சிம் மட்டுமல்ல, போனுக்குள் இருக்கும் மற்றத் தொழில்நுட்பங்களுக்கும் காப்புரிமை உண்டு. அவற்றைப் பயன்படுத்தத் தரும் கட்டணமான ராயல்டியும் போன் விலையிலேயே அடக்கம். சிக்னலைப் பிடிக்கும் தொழில்நுட்பத்துக்கு உரிமம் கேட்டு, ஸ்வீடனின் எரிக்சன் 2013-ல் இந்திய போன் நிறுவனமான மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மறு ஆண்டு வந்த இடைக்கால ஏற்பாட்டில், போனின் விற்பனை விலையில் ஏறத்தாழ 1 சதவீதம் என்று கணக்கு.

இந்தக் கணக்கில்தான் வம்பே. 1,500 ரூபாய் போனுக்கு 15 ரூபாய், 15,000 ரூபாய் போனுக்கு 150 ரூபாய். சிக்னல் பிடிக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதானே? கூடுதல் விலை கேமராவுக்கும் திரைக்கும் கொடுத்தது. அதிலும் பங்கு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிக்னல் பிடிக்கும் சிப்பின் விலையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்ற வாதமே சரி. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் முழு போன் விலையைத்தான் ஏற்று வருகிறது. 2024 மார்ச்சில் லாவா போன் நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

பெரிய கம்பெனிகளின் கதை இருக்கட்டும். பாகூரில் ஒருவர் புதுமாதிரிக் களையெடுக்கும் கருவி செய்தால் காப்புரிமைக்கு எங்கே போவது? புதுச்சேரிக்கும் சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகம்தான். தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். அலுவலகத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு என்றால் சென்னை உயர் நீதிமன்றம். அங்கே 2023 முதல் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: விண்ணப்பம் போடும் முன் கருவியை ஊரறியக் காட்டிவிட்டால், அது புதியது என்று சொல்லும் உரிமையே போய்விடக்கூடும்.