தாதியரும் மருந்தறிவும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் கருத்து. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவரையும் அவர் ஒருங்கு வைத்து எண்ணினார். இக்கால வைத்தியசாலையில் அந்த நான்காம் இடத்தில் நிற்பவர் தாதியரே. வைத்தியர் எழுதுகிறார், மருந்தாளர் வழங்குகிறார், ஆயினும் மருந்து நோயாளியின் உடலுட் செல்லுமுன் அதனைக் கடைசியாகத் தொடுவது தாதியின் கையாகும். முன்னே நேர்ந்த பிழை எதுவாயினும், அதைத் தடுப்பதற்குரிய இறுதி வாய்ப்பும் அக்கையிலேயே தங்கியுள்ளது.

உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தையும் சரிபார்த்தல் வேண்டும் என்பது தாதியர் பயிற்சியின் முதற் பாடங்களுள் ஒன்று. இவ்வைந்தும் இன்றியமையாதன. ஆனால் இவை மட்டும் போதுமா? யாவும் எழுதியவாறே அமைந்திருப்பினும், அன்று காலையில் அந்நோயாளிக்கு அம்மருந்து ஆகாததாய் இருத்தல் கூடும். அதனை உணர்வதற்கு, மருந்து உடலில் என்ன செய்கின்றது என்னும் அறிவு வேண்டும். ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம்.

டிஜொக்சின் என்பது இருதய நோயாளர் சிலருக்குக் கொடுக்கப்படும் ஒரு மருந்து. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், டிஜிற்றாலிஸ் என்னும் பூஞ்செடியின் இலை உடல்வீக்கத்தைத் தணிப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1785 ஆம் ஆண்டில் அதுபற்றி நூலொன்றை வெளியிட்டார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் மருந்தின் செயல் தோன்றியவுடனே அதனை நிறுத்திவிட வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அவ்வினச் செடியொன்றிலிருந்து 1930 ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டதே டிஜொக்சின். நோயைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இம்மருந்தில் மிகக் குறுகியது.

இது இருதயத்தின் சுருக்கத்தை வலுப்படுத்துவதோடு துடிப்பின் வேகத்தையும் குறைக்கின்றது. ஆகவே, கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ணல் வேண்டும். வளர்ந்தவருக்கு அது 60 இற்குக் குறைந்திருப்பின், மருந்தைக் கொடாது வைத்தியருக்கு அறிவிப்பதே பொதுவான முறை. காரணம் அறியாதவருக்கு இவ்வெண்ணுதல் வெறுஞ் சடங்கு. வேலை மிகுந்த வேளையில் அவர் அதனைக் கைவிடவும் கூடும். காரணம் அறிந்தவரோ ஒருபோதும் கைவிடார்.

இன்னும் உண்டு. நீர் பிரிவதற்காகக் கொடுக்கப்படும் பியூரோசமைட் போன்ற மருந்துகள் இரத்தத்திலுள்ள பொற்றாசியத்தைக் குறைத்தல் கூடும். பொற்றாசியம் குறைந்தால் டிஜொக்சினின் நச்சுத்தன்மை மிகும். டிஜொக்சின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த முதியோரின் உடலில் அது தேங்கிவிடும். முதியவர் ஒருவர் உணவில் விருப்பமில்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தோன்றுகிறது என்று சொன்னால், முதுமையின் இயல்பென்று அதனைத் தள்ளிவிடலாகாது. அச்சொற்களில் மருந்தின் எச்சரிக்கை அடங்கியிருத்தல் கூடும்.

அளவிலும் விழிப்பு வேண்டும். 0.25 மில்லிகிராம் என்பது 250 மைக்கிரோகிராம். முன்னே பூச்சியம் இடாது எழுதினால், புள்ளி மங்கியவிடத்து அது 25 எனத் தோன்றும். நூறு மடங்கு வேறுபாடு! ஒரு வேளைக்குக் கைநிறையக் குளிசைகள் வேண்டுமெனக் கணக்கு வருமாயின், மருந்தறிந்த கை தானாகவே தயங்கும்.

அத்தயக்கத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிவும் வேண்டும். ஐயம் தோன்றியபோது வைத்தியரைக் கேட்பது பணிவின்மை ஆகாது, அதுவே கடமை. அவ்வாறு கேட்கும் தாதியைக் கடிந்துகொள்ளாது மதித்து விடை கூறுதல் வைத்தியரின் கடமை.

வீட்டில் முதியோரைப் பேணும் மக்களும் மருமக்களும் இந்த நான்காம் இடத்தில் நிற்பவர்களே. கொடுக்கும் குளிசை எதற்கு உரியது, அது மிகுந்தால் தோன்றும் குறிகள் யாவை என்பவற்றை வைத்தியரிடமோ தாதியரிடமோ கேட்டறிந்து எழுதி வைத்துக்கொள்க. ஒரு வேளை தவறினால், மறு வேளை இரட்டிப்பாகக் கொடாதிருக்க. அன்போடு அறிவும் சேர்ந்தாலன்றிப் பேணுதல் நிறைவுறாது.