ஒற்றைக் கார்பன் இழையின் பிடியை அளக்க முடியும், தெரியுமா?

போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் 50 சதவீதம் கூட்டுப்பொருள்கள். அவற்றில் பெரும்பங்கு கார்பன் இழையும் பிசினும்தான். இழையைப் பிசின் சரியாகப் பிடிக்காவிட்டால் இழையின் வலிமை முழுதும் வீண்! அந்தப் பிடியை எப்படி அளக்கிறார்கள்?

ஒட்டும் பரப்பு எவ்வளவு தெரியுமா?
ஓர் இழையின் விட்டம் சுமார் 7 மைக்ரான். ஒரு கன சென்டிமீட்டர் கூட்டுப்பொருள் துண்டில் 60 சதவீதம் இழை இருந்தால், பிசினைத் தொடும் பரப்பு 3,400 சதுர சென்டிமீட்டர். ஐந்து ஏ4 தாள்களாலும் அதை மூட முடியாது!

ஒரு துளி போதும், தெரியுமா?
ஒற்றை இழையில் எப்பாக்ஸிப் பிசினைத் தடவினால் அது தானாகவே மணிமணியாகத் திரளும். இறுகியதும் இரண்டு கத்தி விளிம்புகளால் துளியைத் தடுத்து, இழையை உருவி இழுப்பார்கள். 80 மைக்ரான் நீளத் துளி கழன்றுவர சுமார் 9 கிராம் எடையின் விசை போதும். அற்பமா? அதே பிடி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இருந்தால் 500 கிலோவைத் தாங்கும்!

உடைந்தே விடை சொல்லும் இழை தெரியுமா?
இழையைப் பிசினுக்குள் புதைத்து, அந்தப் பிசின் துண்டை மெல்ல இழுத்தால், உள்ளேயே இழை துண்டு துண்டாக முறியும். ஒரு கட்டத்துக்குமேல் முறியாது. துண்டுகள் எவ்வளவு குட்டையோ, பிடி அவ்வளவு உறுதி! ஆய்வாளர்கள் கெல்லியும் டைசனும் 1965இல் தந்த சமன்பாடுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

சர் சி.வி. ராமனுக்கும் பங்கு உண்டு, தெரியுமா?
அவர் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே இங்கும் உதவுகிறது. தெளிந்த பிசின் வழியே இழைமீது லேசரைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு இழை எந்த இடத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்று புள்ளி புள்ளியாக அறியலாம்!

12 ஆய்வகங்களின் பரீட்சை தெரியுமா?
ஒரே வகை இழை, ஒரே பிசின். 12 ஆய்வகங்கள் அளந்தன. 1993இல் முடிவு வெளியானபோது, ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை வெகுவாக மாறியிருந்தது! துளியைப் பிடிக்கும் விதம்கூட எண்ணை மாற்றிவிடும்.

பிடி அதிகமானாலும் ஆபத்து, தெரியுமா?
பிடி தளர்ந்தால் சுமை இழைக்குப் போய்ச் சேராது. மிக இறுகினாலோ, பிசினில் தோன்றும் விரிசல் இழையோரமாகத் திசைமாறாமல் இழைகளையே அறுத்துக்கொண்டு பாயும்; பொருள் சட்டென முறியும். ஆகவே பொறியாளர்கள் தேடுவது உச்சப் பிடியை அல்ல, அளவான பிடியை. அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை சோதனைகளும்!