கம்மலை எடுத்தது யார்?



"துப்பறியும் கதை படிச்சா புத்தி கெட்டுப் போகும்" என்று சொல்லி என் அம்மா ஒரு பாக்கெட் நாவலை அடுப்பில் போட்டிருக்கிறார். அந்தக் கதைகளை எழுதுகிறவர்களின் பேச்சால்தான் எனக்குப் புத்தியே வந்தது என்றால் நம்புவீர்களா?

நான் பத்தாவது வரை படித்தவள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டு கடையில் நாவல் வாங்கிப் படித்த பழக்கம், திருப்பாலைவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் நின்று போச்சு. வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். எங்கள் பக்கம் ரேடியோ என்றால் முதலில் புயல் எச்சரிக்கை, அப்புறம்தான் பாட்டு. எனக்கு மட்டும் இன்னொன்று, எழுத்தாளர் பேட்டி. அதிலும் க்ரைம் கதை எழுதுகிறவர் என்றால், இறால் உரிக்கிற கையோடு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து விடுவேன்.

எத்தனை விஷயம் தெரிந்து கொண்டேன்! கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். 'சுபா' ஒரு பெண் என்று நினைத்திருந்தேன். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு நண்பர்களாம். சுஜாதாவும் பெண் இல்லை. ரங்கராஜன் என்கிற இன்ஜினீயர், மனைவி பெயரில் எழுதினார். இங்கிலாந்தின் அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர் சமயத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை பார்த்தவர். கதையில் வருகிற விஷத்தைப் பற்றியெல்லாம் அங்கே கற்றதுதான். 1947-ல் அந்த நாட்டு மேரி ராணியின் 80-வது பிறந்த நாளுக்காக பி.பி.சி. ரேடியோவுக்கு அவர் எழுதிக் கொடுத்த சின்ன நாடகம்தான், 1952-ல் லண்டனில் மேடை ஏறி, இன்றைக்கும் நடக்கிறது. நடுவில் கொரோனாவுக்காக நிறுத்தியதோடு சரி.

இந்தப் பேட்டிகளில் என் மனதில் தைத்தது ஒன்று உண்டு. கதையில் முதல் சந்தேகத்தை ஏழை மேலேயோ வேலைக்காரர் மேலேயோ திருப்பி விடுவார்களாம். படிக்கிறவர்கள் உடனே நம்பி விடுவார்களாம். உண்மையான ஆள் கண்ணெதிரிலேயே இருப்பாராம். 'நல்ல தந்திரம்' என்று சிரித்துக் கொண்டேன். நானும் அப்படி நம்புகிறவள்தான் என்று அப்போது தெரியவில்லை.

போன வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரியில் மீன்பாடே இல்லாத சமயம். டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த என் கம்மலைக் காணோம். பக்கத்துத் தெருவில் அப்பா இல்லாத ஒரு பெண், என் மகளோடு சேர்ந்து படிக்க தினமும் வரும். "அதுதான் உள்ளே வந்து போவுது" என்று எதிர்வீட்டு அக்காவிடம் வாய் விட்டு விட்டேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ரேடியோவில் கேட்டது ஞாபகம் வந்தது. நானும் முதலில் ஏழை மேலே தானே விரலை நீட்டினேன்? அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். கம்மலைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பெட்டிச் சாவி இருக்கிற இடம் யாருக்குத் தெரியும்? கையில் காசே இல்லாத மாசத்தில் வீட்டுக்குப் புது வலை எப்படி வந்தது?

விடிந்ததும் வீட்டுக்காரரைக் கேட்டேன். தலையைக் குனிந்து கொண்டார். "அடகு வெச்சிட்டேன். சொன்னா சண்டை போடுவே, அதான் சொல்லல" என்றார்.

அவரோடு சண்டை போடக்கூட எனக்கு வாய் வரவில்லை. நேராக அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய், "தப்பா பேசிட்டேன், மன்னிச்சுடு தங்கச்சி" என்றேன். "உங்க பொருள் கெடைச்சிடுச்சு இல்லக்கா, அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. எதிர்வீட்டு அக்காவிடமும் போய் நடந்ததைச் சொன்னேன்.

கம்மலை இரண்டே மாசத்தில் மீட்டு விட்டோம். அந்தப் பெண்ணும் மறுபடி படிக்க வருகிறது. ஆனால் திண்ணையோடு சரி. எத்தனை தடவை கூப்பிட்டாலும் உள்ளே மட்டும் வருவதில்லை.

சகோதரிகளே, வீட்டில் ஒரு பொருள் காணோம் என்றால் முதலில் வாயை மூடிக் கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள். கதையில் தப்பாகச் சந்தேகப்பட்டால் கடைசிப் பக்கத்தில் சரியாகி விடும். நம் வீட்டில் அப்படி ஆவதில்லை.

- ஒரு வாசகி, திருப்பாலைவனம்