குழந்தை நடை பழகும் காலமும் அதன் கெடுவும்

கிராமத்தில் ஒரு குழந்தைக்கு ஓராண்டு நிரம்பியதும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "நடக்கிறதா?" என்பதே. நடக்கிறது என்று சொல்லக்கூடிய தாய் பெருமை கொள்ளுகிறாள். இன்னும் இல்லை என்று சொல்ல வேண்டியவளோ, எதிர்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்திலேயே நடந்ததை எண்ணிக் கவலைப்படுகிறாள். அவளுக்குக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு விதமானவை. ஒரு சாரார், எண்ணெய் தேய்த்துக் காலை நீவி விடும்படி சொல்லுவர். மற்றொரு சாரார், "இவன் தகப்பனும் இரண்டு வயதில்தான் நடந்தான்; தானாக வரும்" என்று சமாதானம் கூறுவர். முதல் யோசனையால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. இரண்டாவது யோசனையால் சில குழந்தைகளுக்குப் பின்னர் ஈடு செய்ய முடியாத நஷ்டம் ஏற்பட்டு விடுகிறது.

சங்கத்தில் கடன் வாங்கிய அங்கத்தினருக்குத் தவணைத் தேதி இன்னதென்று பத்திரத்தில் குறித்திருக்கும். குழந்தையின் நடைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அதற்கு உள்ளது ஒரு கால வரம்பு. வரம்பு தொடங்குவதற்கும் முடிவதற்கும் நடுவே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களுக்குள் எப்போது நடந்தாலும் குறைவில்லை. முந்தியவன் கெட்டிக்காரன், பிந்தியவன் மந்தன் என்று கொள்வதற்கும் இடமில்லை. ஆனால் வரம்பின் கடைசி நாள் கெடுவைப் போன்றது. அது கடந்த பின்னர் வீட்டில் சும்மா இருத்தல் தகாது.

இவ்வரம்பு எது என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய 5 தேசங்களில் 816 குழந்தைகளை நாலாம் மாதம் முதற்கொண்டு கவனித்து, அதன் முடிவை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் புது தில்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பாலும் போதிய போஷணையும் பெற்ற, நோயற்ற குழந்தைகளே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பயிற்சி பெற்றவர்கள் முதல் வருஷத்தில் மாதம் ஒரு முறையும், பின்னர் இரண்டு மாதத்திற்கொரு முறையும் வீட்டுக்கே சென்று பார்த்தனர். தாய் சொல்லுவதை மட்டும் எழுதிக்கொள்ளாமல், குழந்தையைச் செய்யச் செய்து கண்ணால் கண்டதையே குறித்தனர். உட்காருதல் என்றால், கை ஊன்றாமல், தலை நிமிர்ந்து, 10 விநாடியாவது இருத்தல் வேண்டும். நடத்தல் என்றால், எதையும் பிடிக்காமல் 5 அடியாவது எடுத்து வைத்தல் வேண்டும்.

அவ்விதம் கண்டதில், துணையின்றி உட்காருதல் 3.8 மாதம் முதல் 9.2 மாதத்திற்குள்ளும், எதையேனும் பற்றிக்கொண்டு நிற்றல் 4.8 முதல் 11.4 மாதத்திற்குள்ளும், முழந்தாளிட்டுத் தவழ்தல் 5.2 முதல் 13.5 மாதத்திற்குள்ளும் வந்தன. பற்றுக்கோட்டுடன் நடத்தல் 5.9 முதல் 13.7 வரை; தனியே நிற்றல் 6.9 முதல் 16.9 வரை. தனியே நடத்தலுக்கு வரம்பு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. அதாவது ஒரு குழந்தை எட்டு மாதத்திலும், மற்றொன்று பதினேழரை மாதத்திலும் நடக்கலாம். இரண்டும் சுகமான குழந்தைகளே. நூறு குழந்தைகளில் 99 குழந்தைகள் இக்கடைசி எல்லைக்குள் நடந்து விடுகின்றன. ஆதலால்தான் ஒன்றரை வயது நிரம்பியும் நடவாத குழந்தையை வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும் என்கிறார்கள்.

தவழ்தலைப் பற்றி ஒரு வார்த்தை. சில குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழ்வதே இல்லை. மேற்சொன்ன ஆராய்ச்சியில் நூற்றுக்கு 4 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் அப்படி இருந்தனர். உட்கார்ந்தபடியே நகர்ந்தோ, நேரே எழுந்து நின்றோ அவர்களும் நடைக்கு வந்து சேர்ந்தனர். தவழாத குழந்தைக்குப் படிப்பு வராது என்று பயமுறுத்துவோர் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த வரிசையைத் தமிழர் முன்னமே கண்டு வைத்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்களில் ஐந்தாம் மாதத்துக்குரியதாக வைத்த செங்கீரைப் பருவம், கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தையின் நிலையாகும். சப்பாணி கை கொட்டும் காலம். வாரானை தளர்நடையிட்டு வரும் காலம். சிறுதேர் உருட்டுவது அதற்கும் பிற்பட்டது. தலை முதலிலும், பின்னர் முதுகும் இடுப்பும், கடைசியில் காலும் வசப்படுகின்றன. மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளின் மேலுறை இந்த ஒழுங்கிலேயே பெரும்பாலும் முதிர்வதால் இவ்வரிசை அமைகிறது. கழுத்து நில்லாத குழந்தையை உட்கார வைப்பதும், உட்காராத குழந்தையை நிற்க வைப்பதும் வீண் அவசரம்.

நிற்க. நடை வந்த குழந்தை அதைப் பழகுவதற்குப் படும் பாடு பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது எண்ணிப் பார்த்ததில், சராசரி மணிக்கு 2,368 அடி எடுத்து வைத்து 17 முறை விழுந்தன. இத்தனை நடையும் இத்தனை விழுகையும் சேர்ந்தே நடைக்குப் பலம் தருகின்றன. விழுந்துவிடும் என்று ஓயாமல் இடுப்பில் சுமக்கப்படும் குழந்தைக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

ஒன்றரை வயதுக்குப் பின்னரும் வளர்ச்சி நிற்பதில்லை. ஆனால் நடந்துவிட்டதும் பெற்றோரின் கவனம் நின்று விடுகிறது. இரண்டு வயதில் குழந்தை ஓடவும் பந்தை உதைக்கவும் வேண்டும். இரண்டரை வயதில் இரு காலையும் ஒருங்கே தூக்கிக் குதிக்கும். மூன்று வயதில் படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி ஏறத் தொடங்கும். நான்கில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஐந்தில் ஒற்றைக் காலால் தாவும். நொண்டி விளையாட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று மற்றக் குழந்தைகளே பரீட்சித்து விடுவார்கள். இவ்வயதுகளும் நூற்றில் முக்காற்பங்குக் குழந்தைகளோ அதற்கு மேற்பட்டவரோ செய்துவிடும் வயதுகளேயன்றி, நாள் குறித்தவை அல்ல.

கால் வடிவத்தைப் பற்றியும் அநேகர் வீணே கலங்குகின்றனர். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால்கள் வில்லைப் போல் வெளியே வளைந்திருப்பது இயற்கை. இரண்டு வயதளவில் அது நேராகிறது. மூன்று நான்கு வயதில் அதற்கு நேர்மாறாக முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். ஏழு வயதிற்குள் அதுவும் சரிப்படும். பாதம் தட்டையாகத் தோன்றுவதும் அப்படியே. இவற்றுக்குக் கட்டையும் வேண்டாம், விசேஷப் பாதரட்சையும் வேண்டாம். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலும், வளைவு வருஷத்திற்கு வருஷம் அதிகப்பட்டாலும், மணிக்கட்டு வீங்கியிருந்தாலும் அது வேறு விஷயம். வெயில் படாமையாலும் போஷணைக் குறைவாலும் எலும்பு மெலியும் கணைநோயாக இருக்கலாம். அது மருந்தால் குணமாகக் கூடியது.

பழைய மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளிச் செல்லுகிறது. அது சம தரையில், ஒருவர் உடனிருக்க, நல்ல சாதனமே. இப்பொழுது கடைகளில் விற்கும் வட்டமான வண்டி வேறு. அதன் நடுவே குழந்தையை உட்கார வைத்து விட்டால், உடற்பாரம் காலில் இராமல் இருக்கையில் தங்குகிறது. நடை விரைவில் வருவதில்லை. சிலருக்குத் தாமதப்படவும் செய்கிறது. படியிலிருந்து உருண்டு தலையில் அடிபடுதலும், அடுப்புக்கும் கொதிநீருக்கும் எட்டி விடுதலும் அதனால் உண்டாகின்றன. கனடா தேசத்தில் இவ்வண்டி விற்பனையை 2004-இல் சட்டத்தினால் தடுத்து விட்டார்கள்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய சாதனம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மெழுகிய தரையும், கற்கள் பொறுக்கப்பட்ட களமும், உடனிருந்து பார்க்கும் ஒரு பெரியவரும் போதும். விழித்திருக்கும் சிசுவை ஒரு நாளில் பல முறையாகச் சேர்த்து அரை மணி நேரமாவது குப்புற விட வேண்டும் என்றும், ஒரே மூச்சாக ஒரு மணிக்கு மேல் அசைய முடியாதபடி கட்டி வைக்கலாகாது என்றும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவித்தது. தூளி உறங்குவதற்கே உரியது; விழித்த குழந்தைக்கு அது விலங்கு. கைப்பேசியைக் கொடுத்து ஓரிடத்தில் உட்கார்த்தி வைப்பது அதிலும் கேடானது.

இனி, அசட்டை செய்யத் தகாத குறிகளைச் சொல்ல வேண்டும். நாலு மாதமாகியும் கழுத்து நில்லாமை, ஒன்பது பத்து மாதமாகியும் உட்காராமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை என்ற மூன்றும் முதலில் மனத்தில் இருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முந்திப் பிறந்த அளவு கழித்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் முந்திப் பிறந்தால், பிறந்து ஒரு வருஷமான அன்று அதற்கு வயது பத்து மாதமே. இந்தக் கழிவு இரண்டு வயது வரைதான் செல்லும்.

மாதக் கணக்கைவிட முக்கியமான குறிகளும் உண்டு. ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மாத்திரம் உபயோகித்து மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தால், அது சாமர்த்தியம் அன்று. மறுபக்கத்தில் பலவீனம் இருக்கலாம். தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போல் விறைத்துப் பின்னிக்கொள்வதும் மூளையில் ஏற்பட்ட பாதகத்துக்கு அடையாளம். ஒரு கால் குட்டையாகத் தோன்றி, நடை ஒரு பக்கம் சாய்ந்தால், இடுப்பு மூட்டு பிறவியிலேயே நழுவியிருக்கலாம். இதைப் பிறந்த சில மாதங்களுக்குள் கண்டால் வாரினாலேயே பெரும்பாலும் சரிப்படுத்தலாம். பிந்தினால் சஸ்திர சிகிச்சை வேண்டியிருக்கும். தொண்டைச் சுரப்பி வேலை செய்யாமல் பிறந்த குழந்தை மந்தமாயிருந்து எல்லாவற்றிலும் பிந்தும். பிறந்த சில வாரங்களிலேயே கண்டறிந்து தினம் ஒரு மாத்திரை கொடுத்துவந்தால் அது மற்றவரைப் போலவே வளரும்.

நன்றாக நடந்த ஆண் குழந்தை மூன்று நான்கு வயதில் அடிக்கடி விழுவதும், கெண்டைக்கால் பருத்துத் தோன்றுவதும், தரையிலிருந்து எழும்போது தன் முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றி ஏறுவதும் தசை நலியும் ஒரு பரம்பரை வியாதியின் குறிகள். இவ்வியாதி பெரும்பாலும் தாய் வழியாக வருவதால், தாய்மாமன்மாருக்கு இளமையில் இவ்விதம் நேர்ந்ததா என்று விசாரிப்பது வைத்தியருக்கு உதவும். இதை முற்றும் மாற்றும் மருந்து இல்லை; எனினும் தக்க சிகிச்சையால் நடக்கும் காலத்தை நீட்டலாம்; அடுத்த பிள்ளையைப் பற்றியும் முன்யோசனை செய்யலாம். எந்த வயதாயினும், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமற் போதல் எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை. திடீரென்று கை கால் துவண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் கண்டது. 2014 மார்ச்சில் அது ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டது. எனினும், 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கு இவ்விதம் நேர்ந்தாலும் சுகாதார அதிகாரிகள் இன்றும் பரிசோதித்தே தீருகிறார்கள்.

இவற்றைக் காட்டுவதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை அங்கத்தினர்கள் முக்கியமாய் அறிதல் வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, வைத்தியர் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றைச் செலவின்றிப் பரிசோதிக்கிறது. சந்தேகமுள்ள குழந்தைகளை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியை ஒட்டிய விசேஷ நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கு தேகப்பயிற்சி வைத்தியமும் கிடைக்கும். குழு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னாலே வழி காட்டுவார்கள். தாயத்துக்கும் மந்திரிப்பவருக்கும் ஆறு மாதம் செலவிட்ட பின்னர் அங்கே வரும் குழந்தைக்கு, மூளையும் தசையும் எளிதில் பழகும் காலத்தில் பாதி கழிந்து விடுகிறது.

போகும்போது தாய் சேய் நல அட்டையையும், குழந்தை கழுத்து நிமிர்த்திய மாதம், உட்கார்ந்த மாதம், நின்ற மாதம் ஆகியவற்றை எழுதிய துண்டுக் காகிதத்தையும் எடுத்துச் செல்லுவது நலம். புது இடத்தில் குழந்தை அழுது நடக்க மறுக்கும். ஆகையால் வீட்டு முற்றத்தில் அது நடப்பதையும், தரையிலிருந்து எழுவதையும் முன்னதாகவே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால், வைத்தியருக்கு அதுவே பாதி பரிசோதனையாகும்.