பன்னீர் திராட்சையின் துனிசியச் சொந்தம்

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை, நிதானமாகக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பேசப் போவது துனிசியாவின் ஒயினைப் பற்றி. ஒயின் என்றதும் பிரான்ஸ், இத்தாலி என்றே நினைத்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகப் படும். மக்களில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்களாக இருக்கும் நாடாயிற்றே என்பார்கள். உண்மைதான். அங்கேயும் பெரும்பாலோர் குடிப்பது டீதான். புதினா போட்டுக் கொதிக்கவைத்து, மேலே பைன் கொட்டைகளை மிதக்கவிட்டுத் தருவார்கள். ஆனால் ஒயினுக்கு அங்கே தடை கிடையாது. சட்டப்படியே தயாராகிறது, விற்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். துனிசியாவின் வடகிழக்கில், சிசிலித் தீவை நோக்கிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் போன் தீபகற்பம். அதன் முனைக்குப் பக்கத்தில் கெலிபியா என்ற மீன்பிடித் துறைமுகம். அடிப்பகுதியில் கிரோம்பாலியா. அங்கிருந்து தலைநகர் துனிஸ் பக்கம் வந்தால் மோர்நாக் சமவெளி. நாட்டின் ஒயின் தோட்டங்களில் பெரும்பகுதி இந்தச் சிறிய வட்டாரத்தில்தான் இருக்கிறது. தெற்கே போகப் போக வறட்சி, அதற்கப்பால் சஹாரா. வடக்கில்தான் குளிர்கால மழை உண்டு, வெயில் காலத்தில் கடற்காற்றும் உண்டு.

அந்த வெயிலைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். திராட்சை பழுக்கப் பழுக்க அதில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. புளிப்புதான் ஒயினுக்கு உயிர். ஜெர்மனி மாதிரிக் குளிர் நாட்டில் விவசாயியின் கவலை, சர்க்கரை ஏறுமா என்பது. துனிசியாவில் கவலை தலைகீழ்: புளிப்பு மிஞ்சுமா? ஒரு வாரம் தாமதமாகப் பறித்தாலும் ஒயின் போதை கூடிச் சப்பென்று ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நொதித்தல் தானே சூட்டைக் கிளப்பும். தொட்டியின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து நின்றுவிடும்; மிச்சச் சர்க்கரையில் வேண்டாத பாக்டீரியா குடியேறி ஒயினைக் கெடுக்கும். குளிரூட்டிய எஃகுத் தொட்டிகள் வருவதற்கு முன் வட ஆப்பிரிக்க ஒயின் முரடு என்று பெயர் வாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதனால் எந்த ரகத்தை நடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். துனிசியாவின் கறுப்புத் திராட்சைகளில் பழைய வேலைக்காரன் கரினியான். ஸ்பெயினில் பிறந்து தென் பிரான்ஸ் வழியாக வந்த ரகம். இது மெதுவாகப் பழுக்கும்; குளிர்ந்த ஊரில் பழுக்கவே பழுக்காது. வெயில் கொளுத்தினாலும் புளிப்பை லேசில் விட்டுக்கொடுக்காது. நிறம் அடர்த்தி, துவர்ப்பு அதிகம். பந்தலோ கம்பியோ இல்லாமல், முழங்கால் உயரத்துக்குக் குட்டையாக வெட்டி, சிறு புதராகவே வளர்ப்பது பழைய வழக்கம். இலைகள் கவிழ்ந்து தன் குலைகளுக்குத் தானே நிழல் தரும். வயதான செடிகளின் வேர் ஆழமாக இறங்கியிருப்பதால் மழையில்லாத கோடையையும் தாங்கிவிடும். இதற்குத் துணையாக சான்சோ, கிரெனாஷ், மூர்வேத்ர், சிரா எல்லாம் இருக்கின்றன. சான்சோவுக்குப் பெரிய பழம், வெளிறிய நிறம். தனியாக நின்றால் சிவப்பு ஒயினுக்குச் சுமார்தான்.

ஆனால் அதே சான்சோ ரோஸே ஒயினுக்குப் பிரமாதம். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலும் வெள்ளைச் சாறுதான் வரும். நிறம் இருப்பது தோலில். தோலோடு பல நாள் ஊறவிட்டால் சிவப்பு ஒயின். சில மணி நேரத்தில் பிரித்துவிட்டால் ரோஸே. பறித்த கையோடு பிழிந்து தோலை ஒதுக்கிவிட்டால், சாம்பலோடிய மெல்லிய இளஞ்சிவப்பில் கிடைப்பது 'கிரி'. தோலின் துவர்ப்பு இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். துனிசியாவில் உற்பத்தியாகும் ஒயினில் பெரும்பங்கு இந்த ரோஸே, கிரி வகையறாதான். ஹரிஸா மிளகாய்ச் சாந்து போட்டுச் சமைத்த மீன் கூஸ்கூஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் இல்லை. ஒயின் பிரியர்களில் ரோஸேயை இளக்காரமாகப் பார்க்கிற ஒரு கூட்டம் உண்டு. 40 டிகிரி வெயிலில் அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இப்போது நமக்குச் சொந்தமான சங்கதிக்கு வருவோம். கெலிபியாவின் பெயரை வெளியுலகில் சொல்வது ஒரு வெள்ளை ஒயின். ரகம் அலெக்ஸாண்டிரியா மஸ்கட். உலகின் மிகப் பழைய ரகங்களில் ஒன்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை இருக்கிறதே, அறிவியல் வட்டாரத்தில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுச் சோதனையில் அதன் பெற்றோர் இருவரும் பிடிபட்டுவிட்டார்கள்: ஒன்று ஸ்கியாவா கிரோஸா என்ற ஐரோப்பியக் கறுப்பு ரகம், இன்னொன்று இதே அலெக்ஸாண்டிரியா மஸ்கட். வாசனையும் அந்த வழியில் வந்ததுதான். ஜெரனியால், லினலூல் என்று சில நறுமணச் சேர்மங்கள் மஸ்கட் குடும்பத்தில் எக்கச்சக்கம். ரோஜாவின் மணத்திலும் ஜெரனியால் உண்டு. ஆகவே பன்னீர் என்று பெயர் வைத்தவர் மூக்கு தப்பு செய்யவில்லை. கம்பத்தில் பந்தல் போட்டு, தலைக்கு மேல் குலை தொங்க வளர்த்து, சாப்பிட விற்கிறோம். கெலிபியாவில் கடலோர மண்ணில் வளர்த்து, சர்க்கரை முழுவதையும் நொதிக்கவிட்டு, துளி இனிப்பில்லாத ஒயினாக்குகிறார்கள். கிளாஸை முகர்ந்தால் பன்னீரும் ஆரஞ்சுப் பூவும். மூக்கு இனிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்க, நாக்கில் உலர்ந்த லேசான கசப்புதான் படும். எதிரே சுமார் 70 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இத்தாலியின் பாந்தெல்லேரியாத் தீவு. அங்கேயும் இதே திராட்சைதான். ஆனால் அவர்கள் வெயிலில் உலர்த்தித் தேனாக இனிக்கும் ஒயின் செய்கிறார்கள்.

உலர்த்துகிற அந்த வித்தையை இந்தக் கரையில் எப்போதோ எழுதியே வைத்துவிட்டார்கள். துனிஸின் புறநகராக இன்று இருக்கும் கார்த்தேஜில் வாழ்ந்த மாகோ, வேளாண்மை பற்றி 28 நூல்கள் எழுதினார். கி.மு. 146-ல் ரோமானியர்கள் கார்த்தேஜை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்ட ரோமானிய செனட், மாகோவின் நூல்களை மட்டும் லத்தீனில் பெயர்க்க உத்தரவிட்டது. இன்று மூலமும் இல்லை, பெயர்ப்பும் இல்லை. பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே மிச்சம். அதில் ஒன்று, ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா தரும் உலர்திராட்சை ஒயின் செய்முறை. நன்றாகப் பழுத்த குலைகளைப் பறித்து, பூஞ்சை பிடித்ததையும் அடிபட்டதையும் தள்ளிவிட வேண்டும். கவைக்கோல் நட்டு, மேலே நாணல் பரப்பி, வெயிலில் காயவைக்க வேண்டும். இரவில் பனி படாமல் மூட வேண்டும். காய்ந்ததும் உதிர்த்து ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை நல்ல திராட்சைச் சாற்றை ஊற்ற வேண்டும். ஆறாம் நாள், சாற்றைக் குடித்து உப்பிய பழத்தைச் செக்கில் பிழிய வேண்டும். இன்றைக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு நேரே வேலையில் இறங்கலாம்.

அரபு, ஒட்டோமான் காலங்களில் திராட்சை பெரும்பாலும் சாப்பிடவும் உலர்த்தவும்தான். 1881-ல் பிரான்ஸ் துனிசியாவைத் தன் பிடியில் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில்தான் ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. புது நிலம் தேடிக் குடியேறிகள் கடல் தாண்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு சிசிலியிலிருந்தும் விவசாயிகள் வந்து கேப் போனில் சிறு தோட்டங்கள் போட்டார்கள். பூச்சி விடவில்லை, 1936-ல் துனிசியாவுக்கும் வந்தது. 1956-ல் விடுதலை. 1964 மே மாதம் அதிபர் ஹபீப் பூர்கிபா வெளிநாட்டவர் வசமிருந்த விளைநிலங்களை அரசுடைமையாக்கினார். பிரான்ஸ் பதிலுக்கு வணிகச் சலுகைகளை நிறுத்தியது. ஒயின் செய்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள், வாங்கியவர்கள் கதவடைத்துவிட்டார்கள். திராட்சை நிலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. நிலத்தைத் திரும்பப் பெற்றது நியாயம்தான். ஒயினைப் பொறுத்தவரை அதற்குக் கொடுத்த விலை பெரிது.

ஒயின் தொழில் தாக்குப்பிடித்தது பெரும்பாலும் கூட்டுறவுகளால். அவற்றின் மத்திய ஒன்றியம் விற்கும் பிரபலமான சிவப்பு ஒயினின் பெயர் 'மாகோன்' – அதே மாகோதான். 1990-களின் கடைசியிலிருந்து ஐரோப்பிய முதலீட்டோடு தனியார் தோட்டங்களும் வந்தன. அவர்கள் கபெர்னே, மெர்லோ, ஷார்டொனே எல்லாம் நட்டார்கள். குறை சொல்ல முடியாது; உலகச் சந்தையில் அந்தப் பெயர்களுக்கு மதிப்பு. ஆனால் ஷார்டொனே எல்லா நாட்டிலும் கிடைக்கிறது. அதற்காகத் துனிசியா வரை போக வேண்டியதில்லை.

ஒயினுக்கு வெளியே இரண்டு பானங்கள்: அத்திப்பழத்திலிருந்து காய்ச்சும் பூகா, துனிசிய யூதர்களின் கைவண்ணம். தெற்கே பாலைவனச் சோலைகளில் பேரீச்ச மரத்திலிருந்து இறக்கும் லக்மி – காலையில் பதநீர், மாலையில் கள். நமக்கு விளக்கமே தேவையில்லை.

துனிஸ் பக்கம் போகிறவர்கள் கெலிபியாவின் உலர் மஸ்கட்டை முதலில் கேளுங்கள், அடுத்து மோர்நாக்கின் கிரி, மூன்றாவதாகப் பழைய செடிகளின் கரினியான். வெள்ளிக்கிழமைகளிலும் ரமலான் மாதத்திலும் சூப்பர்மார்க்கெட்டில் மது விற்க மாட்டார்கள். வாரக் கடைசிக்கு வேண்டுமானால் வியாழக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.