அசட்டுத்தனமே ஆயுதம்



1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் நம் சித்தூர்தான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் இந்த மண்ணில், துப்பறியும் கதைக்கும் இரு பக்கமும் விருந்து. தெலுங்குக்குக் கொம்மூரி சாம்பசிவராவின் யுகந்தர். தமிழுக்குத் தேவனின் சம்பு!

திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்த மகாதேவன்தான் 'தேவன்'. ஆனந்த விகடனின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். ஷெர்லக் ஹோம்ஸுக்கு நேர் எதிரான ஒருவரை அவர் படைத்தார். சம்பு, வங்கிக் குமாஸ்தா. துப்புத் துலக்கத் தெரியாது. திருதிருவென விழித்து, சம்பந்தமில்லாமல் ஏதோ உளறுவார். குற்றவாளியோ குட்டு வெளிப்பட்டுவிட்டதென்று நடுங்கிப்போவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் மலைத்து நிற்பார். பெயரும் புகழும் சம்புவுக்கு!

என்ன நுட்பம் பாருங்கள்! குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை உபதேசமாகச் சொல்லாமல், சிரிக்க வைத்தே சொல்லிவிட்டார் தேவன். யாரையும் புண்படுத்தாத சிரிப்பு அது. எழுத்தில் அது லேசில் கைகூடாது.

தேவன் மறைந்தது 1957 மே 5. வயது 43தான். பின்னாளில் தூர்தர்ஷனில் சம்புவாக வந்து நம் வீட்டுக்கூடங்களைக் கலகலக்க வைத்தவர், காத்தாடி ராமமூர்த்தி.